கார் கேள்வி - பதில்: ஏசி பட்டன் எங்கே போச்சு?

கேள்வி: புது எஸ்யூவி எடுத்து மூன்று மாதம் ஆகிறது. ஏசி, ஃபேன் எல்லாமே டச் ஸ்கிரீனுக்குள். போன வாரம் நல்ல மழையில் முன்கண்ணாடி பனி மூடிவிட்டது. மெனுவைத் தேடுவதற்குள் பக்கத்து லாரியை உரசப் பார்த்தேன். ஓட்டும்போது இதை எப்படிச் சமாளிப்பது? (வாசகர், திருச்சி)

பனி எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். வைப்பரை ஒரு தடவை போட்டால் தெரிந்துவிடும். துடைத்ததும் போனால் வெளிப்பக்கம், போகாவிட்டால் உள்பக்கம். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

உள்பக்கப் பனி உங்கள் மூச்சுக்காற்றும் நனைந்த துணியும் விடும் ஈரம். கண்ணாடி படத்துக்குள் வளைந்த அம்புகள் மேல்நோக்கிப் போகும் பட்டன்தான் அதைப் போக்கும் முன் டிஃபாகர். திரைமயமான வண்டிகளிலும் பெரும்பாலும் இதைத் தனிப் பட்டனாக விட்டுவைத்திருப்பார்கள். ஒரு அழுத்தலில் நான்கு வேலை நடக்கும்: கம்ப்ரசர் ஓடும், காற்று கண்ணாடிப் பக்கம் திரும்பும், ஃபேன் வேகம் கூடும், உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் நின்று வெளிக்காற்று வரும். மழையில் குளிர்கிறதே என்று ஏசியை அணைத்துவிடாதீர்கள். ஏசியின் குளிர்ந்த காயிலில்தான் காற்றின் ஈரம் தண்ணீராகி வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. அதை நிறுத்தினால் ஈரம் முழுக்க உள்ளேயே இருக்கும். ஏசி ஓடட்டும், வெப்பநிலையை மட்டும் 25, 26-க்கு ஏற்றுங்கள்.

வெளிப்பக்கப் பனி வேறு கதை. மழை ஓய்ந்த புழுக்கமான இரவில் உள்ளே 18-ல் ஏசி ஓடினால் கண்ணாடி சில்லிட்டுப் போகும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி வெளியே வேர்க்கும். இந்த நேரத்தில் டிஃபாகரைப் போட்டால் குளிர்காற்று நேராகக் கண்ணாடியில் அடித்து இன்னும் மோசமாகும். காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள், வெப்பநிலையை ஏற்றுங்கள், வைப்பரை ஓடவிடுங்கள்.

வண்டி நிற்கும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி இரண்டு வேலை செய்துவிடுங்கள். ஸ்டீயரிங்கிலோ டேஷ்போர்டிலோ நட்சத்திரக் குறி போட்ட பட்டன் இருந்தால், அது நீங்கள் விரும்பும் வேலையை ஏற்றிக்கொள்ளத் தந்திருக்கும் பட்டன். செட்டிங்ஸில் அதற்கு என்னென்ன தரலாம் என்று பார்த்து, அடிக்கடி தேவைப்படுவதைக் கொடுங்கள். அடுத்து, ஆட்டோ ஏசியாக இருந்தால் ஆட்டோவில் 24 வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். ஃபேனைக் கூட்டிக் குறைக்கும் வேலையில் முக்கால்வாசி அதோடு தீர்ந்துவிடும்.

கேள்வி: சிக்னலில் எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. தினமும் இந்த 'ஆட்டோ ஸ்டாப்' வசதியைப் பட்டனை அமுக்கி அணைக்கிறேன், மறுநாள் மறுபடி வந்து நிற்கிறது. மெக்கானிக் ஒயரை வெட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா? (வாசகி, சேலம்)

வேண்டாம். வண்டி வாரண்டியில் இருந்தால், பின்னால் எந்த மின்கோளாறு வந்தாலும் அந்த ஒயரைத்தான் காட்டுவார்கள். சாவி போட்டதும் இது தானாக இயங்கும்படி கார் நிறுவனங்கள் வைத்திருப்பது, அந்த நிலையில் அளந்த மைலேஜையும் புகையளவையும்தான் கணக்கில் காட்டியிருக்கிறார்கள் என்பதால். உங்களுக்காக அல்ல.

உங்களுடையது மேனுவல் கியர் என்றால் பட்டனே தேவையில்லை. நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்தால்தான் எஞ்சின் நிற்கும். பத்து நொடியில் நகரப்போகும் இடத்தில் கிளட்சை மிதித்தபடி இருங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை லேசாக மிதித்து நின்றால் பல வண்டிகளில் எஞ்சின் அணையாது, அழுத்தினால் அணையும். ஓரிரு நாளில் காலுக்குப் பழகிவிடும்.

பேட்டரி மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். இந்த வண்டிகளில் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரி இருக்கும். விலை குறைவு என்று சாதா பேட்டரி போட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் எடுக்கும் ஸ்டார்ட்டைத் தாங்காமல் சீக்கிரம் போய்விடும். சில மாடல்களில் புது பேட்டரி போட்ட விவரத்தை ஸ்கேனர் வைத்து வண்டிக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

கேள்வி: ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்து, கதவும் திறக்கவில்லை, வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை. சாதாரண சாவி என்றால் இந்தப் பாடு உண்டா? (வாசகர், மதுரை)

இல்லைதான். ஆனால் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது, ஷோரூமில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ரிமோட்டின் ஓரத்தில் சின்னக் கொக்கி இருக்கும். அதை நகர்த்தி இழுத்தால் உலோகச் சாவி வெளியே வரும். டிரைவர் கதவுக் கைப்பிடியில் சாவித் துவாரம் தெரியாவிட்டால் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். சாவியால் திறந்ததும் அலாரம் அலறலாம், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அடங்கும்.

உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டி வைத்து அழுத்துங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் சிப்புக்குப் பேட்டரி வேண்டாம், பட்டனைச் சுற்றியுள்ள காயிலிலிருந்தே மின்சாரம் எடுத்துப் பதில் சொல்லும். சில மாடல்களில் அந்தக் காயில் கப் ஹோல்டர் பக்கம் இருக்கும். கையேட்டில் பார்த்து வையுங்கள். பெரும்பாலான ரிமோட்டுகளுக்கு வேண்டியது சி.ஆர். 2032 பட்டன் செல். ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். காருக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. ஓடும்போது ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டால் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை தட்டினால் எஞ்சின் நிற்காது. சுமார் மூன்று நொடி விடாமல் அழுத்த வேண்டும், அல்லது சில வண்டிகளில் அடுத்தடுத்து மூன்று தடவை தட்ட வேண்டும். 2009-ல் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்ஸஸ் கார் மிதியடியில் ஆக்ஸிலேட்டர் சிக்கி, நான்கு பேர் இறந்த விபத்துக்குப் பிறகுதான் இது பெரிதாகப் பேசப்பட்டது. முதலில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பிரேக்கை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு இறுகும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள்.

கேள்வி: காற்று அடித்த பிறகும் டயர் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

டயருக்குள் சென்சார் உள்ள வண்டியில் சில கிலோமீட்டர் ஓடினால் அணையும். சென்சார் இல்லாமல் சக்கரம் சுழலும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டியில், இதுதான் சரியான காற்று என்று நீங்கள் சொல்லித்தர வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, மெனுவில் டயர் ரீசெட்டை அழுத்துங்கள். காற்று குறைந்த நிலையில் ரீசெட் செய்தால் அந்தக் குறைவையே சரி என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு 61 வயது. எனக்குத்தான் இந்தத் திரைகள் புரியவில்லையா? அடுத்த கார் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், காஞ்சிபுரம்)

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2022-ல் ஸ்வீடனின் 'வீ பீலாகரே' கார் பத்திரிகை, 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசி, ரேடியோ போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொல்லி அளந்தது. பட்டன்கள் நிறைந்த 2005 வால்வோ வி70-ல் 10 நொடி ஆனது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. திரையை நம்பிய எம்.ஜி. மார்வெல் ஆர் காரில் சுமார் 45 நொடி, 1,372 மீட்டர். ஓட்டியவர்களுக்கு முன்பே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்திருந்தார்கள்.

காற்று இப்போது திரும்புகிறது. 2026 முதல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், எஸ்.ஓ.எஸ். (அவசர உதவி அழைப்பு) ஆகியவற்றுக்குக் கையால் தொட்டறியும் கட்டுப்பாடு இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனும் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டது. பட்டன் குறைந்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல. ஒரே திரைக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் தயாரிப்புச் செலவு மிச்சம்.

டெஸ்ட் டிரைவுக்கு முன், நின்ற வண்டியில் திரையைப் பார்க்காமல் ஃபேன், வெப்பநிலை, ஒலியளவு, டிஃபாகர், ஹசார்ட் விளக்கு ஐந்தையும் கையாலேயே தொட முடிகிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கில் பட்டன் அழுத்தும்போது 'கிளிக்' என்று விரலுக்குத் தெரிய வேண்டும். வழவழப்பான பலகையாக இருந்தால் திருப்பும்போது தெரியாமல் கைபடும். சன்ரூஃப் இல்லையே என்று நடு வேரியன்ட்டைத் தள்ளிவிடாதீர்கள். பல மாடல்களில் ஏசி குமிழ் அதில்தான் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: திரை அப்படியே உறைந்துபோனால்? (வாசகி, நாகர்கோவில்)

ஒலியளவுக் குமிழ் அல்லது பவர் பட்டனைச் சுமார் 10 நொடி, லோகோ வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். பட்டனே இல்லாத சில மாடல்களில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். பவர் விண்டோ, சன்ரூஃப் எல்லாவற்றுக்கும் மறுபடி பாடம் சொல்லித்தர வேண்டிவரும்.