அட்வான்ஸ் 70,000, அக்ரிமென்ட் பதினொரு மாதம்: கையெழுத்துப் போடலாமா?

நாகலூரிலிருந்து சேலத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் 24 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சமைத்துச் சாப்பிட அழகாபுரம் பக்கம் சின்ன வீடு பார்த்திருக்கிறேன். வாடகை 7,000, அட்வான்ஸ் 70,000. புரோக்கர் நாளைக்கே 5,000 டோக்கன் கேட்கிறார். காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வருமா?"

டோக்கன் கொடுக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் முகத்தையே பார்க்காமல் டோக்கன் கொடுத்துவிட்டு, ஒரே வீட்டுக்கு நாலு பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து என்னிடம் வருகிறவர்கள் மாதம் தவறுவதில்லை. சாவி வைத்திருப்பவரெல்லாம் சொந்தக்காரர் இல்லை. வீட்டுவரி ரசீதையும் கரண்ட் பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதிலுள்ள பேர்காரரின் வங்கிக் கணக்குக்கே பணம் போகட்டும். புரோக்கர் கையில் ரொக்கம் கூடவே கூடாது. அவருக்கு உரிய கமிஷன் சாவி கைக்கு வந்த பிறகு.

சரி, அட்வான்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, உங்கள் கணக்கில் 21,000. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால். இதைத்தான் யாரும் படிப்பதில்லை. பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதம் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் "சட்டப்படி மூணு மாசம்தானே" என்று கேட்க வாய் இருக்காது. வெள்ளையடிப்பதும் அப்படித்தான். சட்டத்தின் பட்டியலில் அது வீட்டுக்காரர் வேலை, குழாய்க்கு வாஷர் மாற்றுவதுதான் உங்கள் வேலை. இருந்தும் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்ட் செலவுக்குப் பிடித்தம்" என்று ஒரு வரி எல்லா அக்ரிமென்டிலும் கிடக்கிறது, ஏனென்றால் டைப் அடிப்பவர் பழைய ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாற்றுகிறார். போன மாதம் என்னிடம் வந்த ஒரு அக்ரிமென்டில் முதல் பக்கத்தில் புதிதாகக் குடிவருகிறவர் பேர், மூன்றாம் பக்கத்தில் முன்பு குடியிருந்தவரின் அப்பா பேர்! அதனால் அந்தப் பெயின்ட் வரியை அடித்து, பக்கத்திலேயே இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பேரம் பேசுவதென்றால் கையெழுத்துக்கு முன்னால்தான்.

பதினொரு மாதம் என்பது, ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பத்திரப்பதிவு ஆபீசில் பதிய வேண்டுமே என்று கண்டுபிடித்த பழைய குறுக்குவழி. இந்தச் சட்டத்தில் அது செல்லாது, எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். நோட்டரி முத்திரை குத்தி "ரிஜிஸ்டர் ஆயிடுச்சு" என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். பதிவதற்கு அரசு இணையதளமே இருக்கிறது. ஆனால் அந்த வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர், அவர் மேஜையில் மலைபோல வேறு ஃபைல்கள். ஏழாயிரம் ரூபாய் வாடகைக்காரனின் காகிதத்துக்கு அங்கே என்ன அவசரம்? இதற்கென்று ஒரு ஆளைத் தனியாகப் போட்டிருந்தால் பாதி வழக்குகள் கோர்ட் படியே ஏறாது. அலைச்சலாக இருந்தாலும் பதிந்துவிடுங்கள்.

கரண்டையும் கேளுங்கள். அரசு தரும் இலவச யூனிட் இணைப்புக்குத்தான், ஆளுக்கு அல்ல. மாடிக்கும் கீழுக்கும் ஒரே இணைப்பாக இருந்து, உங்களுக்கு சப் மீட்டர் மட்டும் மாட்டியிருந்தால், யூனிட்டுக்கு என்ன விலை என்பதும் அக்ரிமென்டில் வரட்டும்.

குடிபோகிற அன்றைக்கு, பாத்திரம் பண்டம் இறக்குவதற்கு முன்னால், மீட்டர் எண்ணையும் பாத்ரூம் டைல்ஸ் வெடிப்பையும் சமையல் மேடைக் கறையையும் போட்டோ எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சுங்க" என்று ஒரு வரி போதும்.