காசுக்குப் பாடியவர்

கேள்வி: இத்தாலிய ஓபரா (இசைநாடக) பாடகர் கரூசோ, காசுக்காக நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரத் தெருப்பாட்டுகளையெல்லாம் இசைத்தட்டில் பாடித் தன்னைத் தாழ்த்திக்கொண்டார் என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: உங்கள் நண்பர் மாதா மாதம் சம்பளம் வாங்குகிறவரா? விசாரித்து எழுதுங்கள்.

காசுக்காகத்தான் பாடினார் ஐயா. நாப்போலியில் ஒரு மெக்கானிக்கின் பிள்ளை. சின்ன வயதில் தெருவிலும் காப்பிக் கடையிலும் பாடிச் சம்பாதித்தவர். 1902 ஏப்ரலில் மிலான் ஹோட்டல் அறை ஒன்றில் கிராமபோன் கம்பெனிக்காரர் கெய்ஸ்பெர்க் அவரைப் பத்துப் பாட்டுப் பாடவைத்தார். கூலி நூறு பவுண்டு. ‘கட்டுப்படியாகாது, விட்டுவிடு’ என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், கெய்ஸ்பெர்க் அதைக் கண்டுகொள்ளாமல் வேலையை முடித்ததாகவும் ஒரு கதை உண்டு. காசு வாங்கிப் பாடிய அந்தப் பத்தும் ஓபராப் பாட்டுகள். அதற்கு நண்பர் முகம் சுளிக்கவில்லை, கவனித்தீர்களா? அதே கெய்ஸ்பெர்க் அந்த வருஷம் நவம்பரில் கல்கத்தா வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அந்த அம்மாளும் சும்மா பாடவில்லை.

அப்புறம் ஓபரா என்ன வானத்திலிருந்தா குதித்தது? ‘ரிகொலெட்டோ’ ஓபரா 1851இல் வெனிஸில் அரங்கேறியபோது, அதிலுள்ள ‘லா தோன்னா எ மோபிலே’ பாட்டைக் கடைசி நேரம்வரை பாடகரிடமே கொடுக்காமல் இசையமைப்பாளர் வெர்டி பதுக்கி வைத்திருந்தார் என்பார்கள். வெளியே கசிந்தால் படகோட்டியெல்லாம் பாடிவிடுவானாம். 1903இல் கரூசோ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அறிமுகமானதும் அந்த ஓபராவில்தான். படகோட்டிகளின் பாட்டு ஐம்பது வருஷத்தில் உங்கள் நண்பருக்கு உயர்ந்த சங்கீதமாகிவிட்டது!

அந்தக் காலத்தில் மைக் கிடையாது. தகரக் குழலுக்குள் வாயை நீட்டிப் பாட வேண்டும்; உச்ச ஸ்தாயி வந்தால் பின்னால் நகர வேண்டும். கூட வாசிக்கும் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் பதிவாகாது என்று டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊத வைத்தார்கள். பெரிய தட்டானாலும் ஒரு பக்கம் நாலரை நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஓபராப் பாட்டு பலதை வெட்டியோ வேகமாக ஓட்டியோதான் அடக்கினார்கள். 1911இல் பாடிய ‘கோரே ங்ராதோ’, 1916இல் பாடிய ‘ஓ சோலே மியோ’ என்ற நாப்போலிப் பாட்டுகளோ தட்டின் ஒரே பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்தன. எது தாழ்ந்தது?

நாலரை நிமிஷம்! நமக்கு நாற்பது பக்கத்தில் சிறுகதை அனுப்பிவிட்டு, ‘ஒரு வரியைத் தொட்டாலும் கோர்ட்டுக்குப் போவேன்’ என்று மிரட்டும் எழுத்தாளருக்கு அந்தத் தகரக் குழலைப் பரிசளிக்க ஆசை. எட்டு வருஷமாக மிரட்டுகிறார். கதாநாயகி இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள்.

சரி, தரம் பார்க்கிறவர்களிடம் கரூசோ நிஜமாகவே மாட்டிக்கொண்டார், அதுவும் சொந்த ஊரில். 1901 டிசம்பரில் நாப்போலியின் சான் கார்லோ அரங்கில் பாடினார். பத்திரிகை விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ‘இனி இந்த ஊருக்கு ஸ்பகெட்டி தின்ன மட்டும்தான் வருவேன்’ என்று கிளம்பினாராம். அதற்குப்பின் அந்த ஊர் மேடையில் அவர் ஓபரா பாடவே இல்லை. ஆனால் அமெரிக்காவில் உட்கார்ந்து நாப்போலிப் பாஷையில் பாடிப் பாடித் தட்டு போட்டார். அவர் பாஷை, அவர் கோபம், அவர் ஏக்கம்; நடுவில் விமர்சகருக்கு என்ன வேலை? கடைசியில் 1921இல் நாப்போலிக்கே வந்து 48 வயதில் செத்துப்போனார்.

நண்பர் விடமாட்டார் என்றால் அவருக்கு வேறு ஆதாரம் தருகிறேன். 1906 நவம்பரில் நியூயார்க் மிருகக்காட்சி சாலையில், குரங்குக் கூண்டு அருகே ஒரு பெண்ணைக் கிள்ளினார் என்று கரூசோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிள்ளியது குரங்கு என்றார். கோர்ட் நம்பவில்லை, பத்து டாலர் அபராதம். சில நாளில் மெட்ரோபாலிட்டன் மேடையேறினார், ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள். குரங்கை யாரும் விசாரிக்கவில்லை.