தொடையில் இருந்த வலி பாதத்துக்கு இறங்கினால்…

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் 16 வருஷமாக ஓவர்லாக் டெய்லர். ஐந்து மாதமாக வலது பிட்டத்தில் பிடித்து, தொடைக்குப் பின்னால் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மூன்று வாரமாகப் பிசியோதெரபி போகிறேன். கரண்ட் வைத்து, இடுப்பை இழுத்துப் பிடிக்கிற டிராக்‌ஷன் போட்டு, அப்புறம் மல்லாக்கப் படுத்துப் பாதத்தில் துண்டைப் போட்டுக் காலை மேலே இழுக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வலி கெண்டைக்கால், பாதம் என்று இறங்கிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். கேட்டால், "வலிச்சாத்தான் சரியாகும், பொறுத்துக்கங்க" என்கிறார்கள். என் மாமியார் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்கிறார். நரம்பு அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெருந்துறை

பதில்: அம்மணி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். துண்டு போட்டு இழுத்ததால் நரம்பு அறுந்துவிடாது. இடுப்பின் அடியிலிருந்து வரும் ஐந்து வேர்கள் ஒன்றுசேர்ந்து உண்டாகிற அந்த சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே பெரியது. பிட்டத்துக்குள் விரல் தடிமனுக்கு இருக்கும். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால்தான் குணமாகும் என்று உங்களுக்குச் சொன்னது சரியில்லை. கோபியில் 22 வருஷமாகப் பிசியோதெரபி வேலை செய்கிறவள் என்பதால் சொல்கிறேன். நானே ஒருவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்பதாலும் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிது. பவானியிலிருந்து ஜமக்காளம் நெய்கிறவர் ஒருவர் வந்தார். குழித்தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து இடுப்பு பிடித்துக்கொண்டவர். அவர் காலை நேராகத் தூக்கி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றிக்கொண்டே போனேன். அவர் முனகக்கூட இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த விரல் கணுக்கள் மட்டும் வெளுத்திருந்தன. பார்த்தேன். தொடைத் தசை இறுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் வரவில்லை, அவர் வீட்டம்மா வந்தார். "ராத்திரி முச்சூடும் திண்ணையிலயே உட்கார்ந்திருந்தாருங்க, படுக்கவே முடியலைங்க" என்றார். பத்து நாள் கழித்து அவரையே கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "நீங்க படிச்சவங்க, தெரியாமயா செய்வீங்கன்னு இருந்துட்டனுங்க." அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் நான் நோயாளியின் காலைப் பார்ப்பதைவிடக் கையையும் முகத்தையும்தான் அதிகம் பார்க்கிறேன்.

தசை வலி வேறு, நரம்பு வலி வேறு. மஞ்சக்காட்டில் வெகுநாள் கழித்துக் களை எடுத்தால் மறுநாள் தொடை கடுக்கும். தொட்டால் நோகும், இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். பயிற்சியில் அந்த மாதிரி வலி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நரம்பு வலி சுருக்கென்று கரண்ட் அடித்த மாதிரி ஓடும், எரியும், மதமதவென்று மரத்துப் போகும். இன்னொன்று, அது அப்போதே காட்டாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இழுத்ததற்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்குக் கேட்கும். கட்டிலில் படுத்திருக்கும்போது தாங்கிக்கொண்டோமே என்பதை வைத்து முடிவு செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

நீங்கள் தையல்காரர், உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். பாவாடையில் நாடா கோத்திருக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான் இந்த நரம்பு முதுகிலிருந்து பாதம்வரை தன் பாதையில் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். ஓர் இடத்தில் மடிப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு முனையை விட்டுக்கொடுத்து இன்னொரு முனையை இழுத்தால் நாடா நகரும். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் இழுத்தால், பிடித்திருக்கிற இடத்தில்தான் அத்தனை இழுப்பும் போய்ச் சேரும். முட்டியை நீட்டி, பாதத்தைத் துண்டால் தன் பக்கம் மடக்கி, வலிக்கிறதே என்று தலையையும் தூக்கினால் இரண்டு முனையும் இழுபடுகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. பவர் டேபிளில் எப்படி உட்காருவீர்கள்? ஊசிமுனையைப் பார்க்கத் தலை குனிந்திருக்கும், முதுகு வளைந்திருக்கும், வலது கால் பெடலுக்காக முன்னால் நீண்டிருக்கும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை இதே நிலைதான். பகல் முழுக்க நாடாவின் இரண்டு முனையும் இழுபட்டே இருக்கிறது. அதன்மேல் துண்டு இழுப்பும் சேர்ந்தால் அந்த நரம்பு எப்போதுதான் ஓயும்? ஸ்டூலை நாலு விரல் முன்னுக்குப் போட்டுக்கொண்டு, முட்டி நன்றாக மடிந்திருக்கும்படி பெடலைக் கிட்டே வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடம் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை நூல் மாற்றுகிற சாக்கிலாவது எழுந்து நில்லுங்கள். சில வாரத்துக்கு ஒரு ஷிப்டோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கூலி குறையும் என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, பயிற்சியை நிறுத்தலாமா என்றால், வேண்டாம். மாற்றச் சொல்லுங்கள். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். வலி எவ்வளவு என்பதைக் காட்டிலும், வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பாதத்திலிருந்து கெண்டைக்கு, தொடைக்கு, இடுப்புக்கு என்று மேலே ஏறினால் நல்லது. அப்போது இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பயப்பட வேண்டாம். கீழே இறங்கினால் அந்த அசைவு உங்களுக்கு இப்போதைக்கு ஆகாது. 1956-ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டின் நோயாளி ஒருவர், தலைமாடு உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துக்கொண்டார். மெக்கன்சி வந்து பார்த்துப் பதறினார். நோயாளியோ, வாரக்கணக்காக விடாத கால்வலி போய்விட்டது என்றார். வலி மேலே ஏறுவது நல்ல குறி என்று இன்று நாங்கள் பார்ப்பதற்கு அங்கேதான் தொடக்கம். நீங்களும் வீட்டில் இரண்டு நிமிஷம் சும்மா குப்புறப் படுத்துப் பாருங்கள். கால் வலி சுருங்கி மேலே வந்தால் அதைப் போய்ச் சொல்லுங்கள். கூடினால் உடனே எழுந்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே நிலை ஒத்துக்கொள்ளாது.

துண்டு இழுப்புக்குப் பதிலாக நான் முதலில் கொடுப்பது இதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது முட்டியை மெதுவாக நீட்டும்போது தலையை மேலே நிமிர்த்துங்கள். முட்டியை மடக்கும்போது தலையைக் குனியுங்கள். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை விட்டுக்கொடுக்கிறது, நாடா வழுக்குகிறது. முழுசாக நீட்ட வேண்டியதில்லை. இழுப்பு தொடங்குகிற இடத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடுங்கள். பத்து தடவை, காலையும் சாயங்காலமும். சுருக்கென்றால் பாதி தூரம் போதும். உங்களைத் தொட்டுப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்டிடம் இதைக் காட்டி, அவர் முன்னால் ஒருமுறை செய்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். டிராக்‌ஷனும் அப்படித்தான். போட்ட அன்று வலி கீழே இறங்கினால் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கக் கேளுங்கள்.

இன்றிலிருந்து எழுதி வையுங்கள். இங்கே என்னிடம் வருகிற ஓர் அம்மா பால் சொசைட்டி நோட்டிலேயே எழுதிக்கொண்டு வருவார். காலை, சாயங்காலம் என்று கோடு போட்டிருக்குமே, லிட்டர் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வலிக்குப் பத்துக்கு எத்தனை, எதுவரை என்று. "4, முட்டி." "7, சுண்டுவிரல்." அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்தது, அரை மணி நேரம் பேசியிருந்தாலும் தெரிந்திருக்காது. பயிற்சிக்கு முன், பயிற்சி முடிந்து, மறுநாள் எழுந்ததும் என்று மூன்று இடம். ஒன்றிரண்டு எண் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் அதே அளவில் செய்யலாம். மறுநாள் காலையிலும் கூடியே இருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம்.

அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டியதை நானே எழுதித் தருகிறேன், அப்படியே சொல்லுங்கள்: "சார், தொடையில இருந்த வலி பாதத்துக்கு எறங்கிருச்சுங்க. ராத்திரி அடங்க மாட்டேங்குதுங்க. இந்த இழுவையை நிறுத்திட்டு வேற மாதிரி பார்க்கலாமுங்களா?" நோட்டையும் காட்டுங்கள். அப்படியும் "பொறுத்துக்கங்க" என்றே பதில் வந்தால் வேறு ஒருவரைப் பார்ப்பதில் தப்பே இல்லை. பணம் ஒரு பாரம் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. உங்கள் பெருந்துறையிலேயே ஒன்று இருக்கிறதே.

இரண்டு மணிக்கு எழுப்புகிற வலிக்கு: தரையில் மல்லாக்கப் படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலிமேல் மடக்கி வையுங்கள். பத்து நிமிஷம். அல்லது இடது பக்கம் ஒருக்களித்து முட்டிகளுக்கு நடுவே தலையணை. முழு நாளும் படுத்தே கிடக்காதீர்கள், வாசலுக்கும் கொல்லைக்குமாக நாலு நடை நடந்தால் நரம்புக்கு நல்லது. மாமியார் இடுப்பில் லேசாக எண்ணெய் தடவட்டும், கேட்டுக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதே ஆறுதல்தான். பிட்டத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்துவது மட்டும் வேண்டாம், நரம்பு போகிற இடம் அது.

டாக்டர் காபாபென்டின், பிரிகாபலின் மாதிரி நரம்பு மாத்திரை கொடுத்திருந்தால் தூக்கம் வரும், தலை சுற்றும். ஓவர்லாக் ஊசிக்கு முன்னால் உட்காருகிறவர் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இதை மட்டும் நாள் தள்ளாதீர்கள். செருப்பு காலில் நிற்காமல் கழன்று போவது, நடக்கும்போது பெருவிரல் தரையில் உரசுவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப் போவது, ஒன்றுக்கு வராமல் முட்டுவது அல்லது தெரியாமல் போய்விடுவது, இரண்டு காலும் சேர்ந்து பலம் இழப்பது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது எதுவும் இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் இல்லாமலே வலி குறைகிறது. பிதுங்கிய ஜவ்வை மாதக்கணக்கில் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொள்கிறது. ஐந்து மாதம் ஆகியும் வேலை செய்யவிடாமல் வலி நீடிப்பதால், எலும்பு டாக்டரையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது, சர்க்கரை 15 வருஷமாக. பாதம் மரத்துப் போய் எரிகிறது. நடைப்பயிற்சி சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து எரிச்சல் கூடுகிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?
ஒரு வாசகர், பவானி

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், சர்க்கரை இருக்கும்போது அந்தப் புண் ஆறவும் நாளாகும். வெயில் நேரத்தில் கூடுதுறைப் படியில் வெறுங்காலோடு நடப்பதும் அதே ஆபத்துதான், காலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரேயடியாக முப்பது நிமிஷம் நடப்பதை மூன்று பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொண்டால் எரிச்சல் தணியலாம். மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் பி12 சத்து குறைந்திருக்கலாம். அதுவும் பாதத்தை எரிய வைக்கும், டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். செருப்பையோ ஷூவையோ போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், சின்னக் கல் இருந்தாலும் உங்கள் காலுக்குத் தெரியாது. ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். குனிய முடியவில்லை என்றால் வீட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் காட்டி, விரலிடுக்குவரை பார்க்கச் சொல்லுங்கள்.