கடலைக் காக்கும் விமானங்கள் ஏன் விழுகின்றன?

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கும் பி-8ஐ கடல் ரோந்து விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். இத்தகைய விமானங்கள் விழுவதைப் பற்றி முக்கால்வாசிப் பேர் எதிரி, ஏவுகணை என்றே கேட்டிருக்கிறார்கள். பதில்களில் ஆயில், குழாய் மூட்டு, காற்று, பறவை என்றுதான் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்க ஊர்ல முன்னே கடற்படை விமானத் தளம் இருந்துச்சுன்னு பெரியவங்க சொல்றாங்க. கடலே இல்லாத ஊர்ல, நெசமுங்களா? (வாசகர், சூலூர்)

நெசந்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை கோவையில் விமானப் பழுதுபார்ப்புக் கூடமும் சூலூரில் தளமும் வைத்திருந்தது. பிறகு நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா தளம் 1961 செப்டம்பர் 5 அன்று சூலூரில்தான் தொடங்கப்பட்டது. அங்கே முக்கியமாகப் பறந்தவை சீ ஹாக் ஜெட் போர் விமானங்கள். ரோந்து விமானங்கள் அல்ல. கப்பல் தளத்தில் இறங்குகிற பைலட்டும் கரையில்தானே பழக வேண்டும், அதனால் கடல் பக்கத்தில் இல்லாதது ஒரு குறையாகவில்லை. கோவா விடுதலையான பிறகு, 1964-ல் ஹன்சா அங்கே இருக்கும் டாபோலிமுக்குப் போய்விட்டது. இன்று சூலூர் விமானப்படையிடம் இருக்கிறது.

அந்த ஹன்சாவில்தானே 2002-ல் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன? எதிரே எதிரே வந்தா மோதின? (வாசகி, திருப்பூர்)

அதே தளம்தான். ஆனால் எதிரெதிரே வரவில்லை, சேர்ந்து பறந்தபோது மோதின. கடற்படையின் ஐ.என்.ஏ.எஸ். 315 என்ற விமான அணியின் வெள்ளிவிழா நாளான 2002 அக்டோபர் 1 அன்று, அணிவகுப்பில் பறந்த இரண்டு இல்யூஷின்-38 கடல் ரோந்து விமானங்கள் உரசி விழுந்தன. இரண்டிலும் இருந்த 12 கடற்படையினரும் இறந்தார்கள். கீழே இருந்த பொதுமக்களிலும் உயிரிழப்பு. ஐந்தே விமானங்கள் வைத்திருந்த அணிக்கு ஒரே நாளில் மூன்றுதான் மிச்சம்.

இல்யூஷின்-38-இன் இறக்கை அகலம் 37 மீட்டருக்கும் மேல். பல மணி நேரம் கடல்மேல் நிதானமாகச் சுற்றுவதற்குச் செய்த விமானம் அது. போர் விமானம்போல் சட்டென்று புரண்டு விலகாது. பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரை ஒரு கணம்கூடப் பார்வையிலிருந்து விடக்கூடாது. பார்வை தப்பினால் முன்பே பேசி வைத்த பக்கத்தில், பேசி வைத்த உயரத்துக்கு உடனே விலகிவிட வேண்டும். விழாவுக்காக இவ்வளவு பெரிய விமானங்களை நெருக்கமாகப் பறக்கவிடுவது தேவைதானா என்று கேட்டால், தேவையில்லை என்பதே நம் கருத்து.

விழாவே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. 1991 மார்ச் 21 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்கு அப்பால், நீர்மூழ்கி தேடும் பயிற்சியில் பி-3 ஓரியன் என்ற அமெரிக்கக் கடற்படை ரோந்து விமானம் ஒன்று இன்னொன்றிடம் பணியை ஒப்படைக்கும் நேரத்தில் இரண்டும் மோதி 27 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறுகிற அந்தச் சில நிமிடங்களில் இரண்டு விமானத்துக்கும் தேடுகிற இடம் ஒன்றே. உயர வித்தியாசம் ஒன்றுதான் நடுவில் நிற்கும் வேலி.

புரொப்பெல்லர் "ஓவர்ஸ்பீட்" ஆகி ஓரியன் கடலில் இறங்கியதாகப் படித்தேன். எஞ்சினை நிறுத்தினால் புரொப்பெல்லரும் நிற்க வேண்டியதுதானே? (லேத் பட்டறைக்காரர், கணபதி)

நிற்காது, அதுதான் சிக்கலே. ஓரியனின் டி-56 எஞ்சின் நிமிடத்துக்கு 13,820 சுற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கியர்பாக்ஸ் அதைப் புரொப்பெல்லருக்குச் சுமார் 1,020 சுற்றாகக் குறைத்துக் கொடுக்கும். பைலட் லிவரைத் தள்ளினால் சுற்று கூடாது. எரிபொருள் கூடும், அதற்கேற்ப அலகின் (புரொப்பெல்லரின் ஒவ்வொரு தகட்டின்) சாய்வும் கூடும், சுற்று அப்படியே நிற்கும். அந்தச் சாய்வைப் பிடித்து வைத்திருப்பது புரொப்பெல்லருக்குள் ஓடும் ஹைட்ராலிக் ஆயில். ஆயில் கசிந்தாலோ வால்வு சிக்கினாலோ அலகு தட்டையாகிவிடும். பெல்ட் அறுந்த ஆயில் எஞ்சின்போல் சுற்று எகிறும். எஞ்சினை அணைத்தாலும் எதிர்க்காற்றே சுற்றிவிடும்.

இதற்கென்றே "பிட்ச் லாக்" உண்டு. சாய்வு அதற்குமேல் குறையாதபடி பல்லைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சுற்று விமானத்தின் வேகத்தைப் பொறுத்தது என்பதால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அலகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துவதுதான் முறையான தீர்வு. அது முடியாமல், ஆயிலும் தீர்ந்துபோனால் கியர்பாக்ஸ் காய்ந்த நிலையில் சுழன்று, சூடேறித் தீப்பிடிக்கும்.

1978 அக்டோபர் 26 அன்று அலாஸ்காவின் அடாக் தீவிலிருந்து கிளம்பிய "ஆல்பா பாக்ஸ்ட்ராட் 586" என்ற ஓரியனுக்கு நடந்தது இதுவே. கோளாறு செய்தது இடது கோடியில் இருக்கும் 1-ஆம் எண் எஞ்சினின் புரொப்பெல்லர். (எரிபொருள் மிச்சம் பிடிக்க ரோந்தின்போது வழக்கமாக அணைத்து வைப்பதும் அந்த எஞ்சினைத்தான், அதில் ஜெனரேட்டர் கிடையாது.) தீ அணைய அணைய மீண்டும் பிடித்தது. இறக்கை அறுந்து விழுவதற்கு முன் கொந்தளிக்கும் கடலில் இறக்கிவிடுவதென்று முடிவெடுத்தார்கள். இருந்த 15 பேரில் 10 பேர் பிழைத்தார்கள். சுமார் 12 மணி நேரம் ரப்பர் படகில் குளிரில் கிடந்தவர்களை, மேலே சுற்றிய அமெரிக்க விமானம் வழிகாட்ட, மிஸ் சின்யாவின் என்ற சோவியத் மீன்பிடிக் கப்பல் வந்து தூக்கியது. பனிப்போர்க் காலம் அது. இறந்த ஐவரில் மூவரைக் கொன்றது படகில் பட்ட குளிர்தான். வடகடல் ரோந்தில் குளிர் காக்கும் உடைக்கு அத்தனை முக்கியம் கொடுப்பது இதனால்தான்.

ஆப்கானிஸ்தானில் கடலே இல்லை. அங்கே எப்படி நிம்ராட் விழுந்தது? சுட்டுவிட்டார்களா? (வாசகர், பெருந்துறை)

சுடவில்லை. பிரிட்டனில் கடல் ரோந்தை விமானப்படை பார்க்கிறது. அதன் கடல் ரோந்து விமானமான நிம்ராட்டின் கேமராவும் ரேடியோவும் தரைமேல் கண்காணிக்கவும் உதவின என்பதால் அங்கே கொண்டுபோனார்கள். எக்ஸ்.வி. 230 என்ற அந்த விமானம், 1969-ல் படையில் சேர்ந்த முதல் நிம்ராட். 2006 செப்டம்பர் 2 அன்று கந்தகார் அருகே, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்ட சில நிமிடங்களில் தீப்பிடித்து வெடித்தது. 14 பேரும் இறந்தார்கள். முதல் எச்சரிக்கை மணிக்கும் வெடிப்புக்கும் இடையே சுமார் ஆறு நிமிடம்.

வலது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், 7-ஆம் எண் டாங்குக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை. அதன் வழியே எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றுக் குழாய் போகிறது. அந்தக் காற்று 400 டிகிரி வரை போகும். எரிபொருள் குழாய்களும் பக்கத்திலேயே. நிரப்பும்போது பொங்கி வழிந்தோ மூட்டில் கசிந்தோ வெளியேறிய எரிபொருள், காப்புறை சரியாக மூடாத இடத்தில் அந்தச் சூட்டுக் குழாயைத் தொட்டது. அங்கே தீ உணரும் கருவியும் இல்லை, அணைக்கும் கருவியும் இல்லை. உள்ளே இருந்தவர்களுக்குத் தீ எங்கே தொடங்கியது என்று தெரிந்திருக்காது. தெரிந்தாலும் கை எட்டாது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. வானில் எரிபொருள் நிரப்பும் வசதி 1982 பாக்லாந்து போருக்காக அவசரமாகச் சேர்த்தது. 2004-லேயே இன்னொரு நிம்ராட்டில் சூட்டுக் குழாய் வெடித்திருந்தது. 2009 அக்டோபரில் வந்த, ஹேடன்-கேவ் என்ற வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை, பாதுகாப்பு ஆய்வை வெறும் காகித வேலையாக முடித்ததற்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தையும் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ், கினெட்டிக் நிறுவனங்களையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. "முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்பதையே பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பறவை மோதி இவ்வளவு பெரிய விமானம் விழுமா? (மாணவர், கோபி)

விழும். 1980 நவம்பர் 17 அன்று ஸ்காட்லாந்தின் கின்லாஸில், கிளம்பிய கையோடு ஒரு நிம்ராட் பறவைக் கூட்டத்துக்குள் புகுந்து எஞ்சின்களை இழந்தது. பைலட்டுகள் சாயாமல் மர உச்சிகள்மேல் இறக்கினார்கள். அவர்கள் இருவரும் இறந்தார்கள். மற்ற 18 பேரும் பிழைத்தார்கள்.

நம்மிடம் இருக்கும் பி-8 வகையில் விபத்தே இல்லையா? (வாசகர், ஈரோடு)

உண்டு. 2023 நவம்பர் 20 அன்று ஹவாயின் கனியோஹே வளைகுடா தளத்தில் அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ ஒன்று, மழையில் இறங்கும்போது ஓடுதளத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் போய் நின்றது. 9 பேரும் தப்பினார்கள். காற்றடைத்த உருளைகளைக் கீழே கொடுத்து, டிசம்பர் 2-ல் விமானத்தைக் கரைக்கு இழுத்தார்கள்.

இப்படி இறங்கும்போது காற்று பின்னாலிருந்து அடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் இறங்குகிற விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தரையை 130-ல் தொடும். அதே 10 பின்காற்றானால் 150. பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் 33 சதவீதம் கூடுகிறது. ஈரத்தில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. வேகமும் உயரமும் ஒழுங்காக அமையவில்லை என்றால் சுற்றிக்கொண்டு மறுபடி வருவதே முறை.

1999-ல் கட்ச் பகுதியில் விழுந்த பாகிஸ்தானின் அட்லாண்டிக் ரோந்து விமானம்? (வாசகர், பொள்ளாச்சி)

அது விபத்தல்ல. ஆகஸ்ட் 10 அன்று நம் மிக்-21 சுட்டு வீழ்த்தியது; 16 பேர் இறந்தார்கள். பாகிஸ்தான் சர்வதேச நீதிமன்றம் போனது. தங்களுக்கு விசாரிக்கும் அதிகாரமில்லை என்று 2000 ஜூனில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடலுக்கடியில் கறுப்புப் பெட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (வாசகி, மேட்டுப்பாளையம்)

பெட்டியோடு இணைந்த சிறு உருளை ஒன்று, தண்ணீர் பட்டதும் தானே உயிர்பெற்று நொடிக்கு ஒரு தடவை ஒலி எழுப்பும். 37.5 கிலோஹெர்ட்ஸ், நம் காதுக்குக் கேட்காது. ஓரிரு கிலோமீட்டருக்குள் வந்தால்தான் கருவிக்கே கேட்கும் என்பதால், முதலில் தேடும் பரப்பைச் சுருக்க வேண்டும். 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து கிளம்பி மூவரோடு காணாமல்போன கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானத்தை அப்படித்தான் பிடித்தார்கள். ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் நீர்மூழ்கி ஒலியைக் கேட்டது. சுமார் 950 மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டி ஜூலையில் மேலே வந்தது. பழைய உருளைகளில் பேட்டரி 30 நாள்தான் தாங்கும். இப்போது வருபவை 90 நாள். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 போக்குவரத்து விமானத்தில் அந்த உருளை இல்லை. 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த அதன் பாகங்கள் படத்தில் சிக்கிய செய்தி வெளியானது 2024 ஜனவரியில்.