பெயர் ஒன்று, ஆள் வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால்தானோ என்னவோ, ஆவணச் சிக்கல் என்றால் கடிதங்கள் என் மேசைக்கு வந்துவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் ஒரே பெயர் கொண்ட இருவரைப் பற்றியவை அதிகம். அவற்றுக்கே இந்த இதழில் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: நேர்முகத் தேர்வு முடிந்ததும் வேலை உறுதி என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். பிறகு பேச்சே இல்லை. என் பெயரில் ஒருவர் திவாலானதாக ஏதோ அறிவிப்பைப் பார்த்துவிட்டார்கள் என்று பின்னர் தெரிந்தது. அது நான் இல்லை. எப்படி நிரூபிப்பது? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய பிழைப்பில் கை வைப்பது அநியாயம். நம் சமூகத்தில் சுப்பிரமணியம், ராஜேந்திரன், முனியாண்டி என்று ஒரு தெருவுக்குள்ளேயே நாலு பேர் இருப்பார்கள். ஏ/எல் (இன்னாரின் மகன்) போட்டுத் தகப்பன் பெயரைச் சேர்த்தாலும் முழுப்பெயர் ஒத்துப்போகிற இருவர் கிடைத்துவிடுவார்கள்.

ஒத்துப்போகாதது அடையாள அட்டை எண். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்கு என்றால் பொதுவாக 07, பேராக் 08, கோலாலம்பூர் 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. நொடிப்பு நிலையைத் தேடிப் பார்ப்பதும் இந்த எண்ணை வைத்துத்தான். ஆகவே திவால் இலாகாவில் உங்கள் எண்ணைக் கொடுத்து, சிறு கட்டணம் கட்டித் தேடல் முடிவை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் திவாலானவர் அல்ல என்று அந்தத் தாள் சொல்லும். அதோடு, அறிவிப்பில் உள்ளவர் நான் அல்ல என்று 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி ஒரு பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடுங்கள். இரண்டையும் இணைத்து அந்த நிறுவனத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள். வேலை திரும்பக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது கோப்பில் அந்தத் தாள்கள் இருக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அறிக்கை இலவசம். தனியார் கடன் தகவல் நிறுவனம் வேறு ஒருவருடைய வழக்கை உங்கள் பெயரில் ஏற்றியிருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்க, 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

பணியாளர் பிரிவில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் ஒரே பெயருடைய இரு பெண்கள் இருந்தார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. மேற்பார்வையாளர் ஒருத்தியைப் பெரியவள் என்றும் இன்னொருத்தியைச் சின்னவள் என்றும் கூப்பிடுவார். பஞ்ச் கார்டிலும் அப்படியே பென்சிலால் எழுதிவிட்டார். அந்த மேற்பார்வையாளர் வேறு பிரிவுக்கு மாறிப் போனதும் அவர் இடத்தில் வந்தவருக்குப் பெரியவள் யார், சின்னவள் யார் என்றே தெரியவில்லை. ஒருத்தி செய்த ஓவர்டைம் மற்றவளின் சம்பளத்தில் போய் விழுந்தது. இருவரும் முகம் பார்த்துப் பேசாத அளவுக்கு வந்துவிட்டார்கள். அன்று முதல் பெயருக்கு மேலே அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்களைச் சிவப்பு மையில் எழுதாத கார்டு எதுவும் என் மேசையைத் தாண்டவில்லை.

கேள்வி: என் தாத்தா மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருடைய வேலை வரலாற்றை எழுத முயல்கிறேன். பழைய அரசுப் பட்டியல்களில் அதே பெயரில் பலர் வருகிறார்கள். ஈப்போவில் ஒருவர், செந்தூலில் ஒருவர், பிறையில் ஒருவர். எது என் தாத்தா? – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அம்மா, நீங்கள் தொட்டிருப்பது அருமையான வேலை. தாத்தாவின் பெயரை நீங்கள் எழுதியிருந்தாலும் நான் வெளியிடவில்லை. கந்தையா, பொன்னையா, சின்னத்தம்பி போன்ற யாழ்ப்பாணத்துப் பெயர் அது என்பதே வாசகர்களுக்குப் போதும். அக்கால ரயில்வே அலுவலகங்களில் குமாஸ்தாக்களும் நிலைய அதிபர்களுமாக யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்தார்கள். அவர்களுக்குள் புழங்கிய பெயர்களோ கொஞ்சம்தான். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை.

இந்த நாட்டில் அடையாள அட்டை வந்தது 1948இல், அவசரகாலத்தின்போது. அதற்கு முந்திய ஆவணங்களில் ஆளைப் பிரித்துக் காட்டும் எண் எதுவும் இல்லை. ஆகவே பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு பெரிய தாளில் கோடு போட்டு ஆண்டு, பதவி, நிலையம், சம்பளம் என்று நான்கு பத்திகள் பிரியுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பதிவையும், அது யாருடையது என்று தீர்மானிக்காமலேயே, ஆண்டு வரிசையில் எழுதுங்கள். ஒரே ஆண்டில் ஈப்போவிலும் பிறையிலும் ஒருவர் சம்பளம் வாங்கியிருக்க முடியாது. அங்கே இரண்டு ஆட்கள் பிரிந்துவிடுவார்கள். மேல்நிலைக்கு உயர்ந்தவர் அடுத்த ஆண்டே தொடக்கச் சம்பளத்தில் நின்றால் அவரும் பெரும்பாலும் வேறு ஆள்தான். வயதையும் பாருங்கள். மலேசிய அரசு ஊழியரின் கட்டாய ஓய்வு வயது 2001இல் 56 ஆக உயர்த்தப்படும் வரை 55. உங்கள் தாத்தா 1908இல் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1963க்குப் பிறகு பணியில் இருப்பதாகக் காட்டும் பதிவை ஒதுக்கி வைக்கலாம்.

முதலெழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்து ஒன்று தமிழில் பல தகப்பன்களுக்குப் பொருந்தும். எழுத்துக்கூட்டலையும் நம்ப வேண்டாம். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே வீரப்பன் ஓராண்டு வீரப்பென், மறு ஆண்டு விராப்பன். தோட்டப் பட்டியல்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தகப்பன் பெயரே இல்லாமல் கங்காணியின் பெயருக்குக் கீழே வெறும் ராமசாமிகள் வரிசையாக நிற்பார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எனக்கு எழுதும்போது மனம் கனத்துப்போகிறது. ரயில்வே குடும்பத்தில் பிறந்த உங்களுக்குத் தேட ஏதாவது இருக்கிறது.

கோலாலம்பூரிலேயே இருப்பதால் தேசிய ஆவணக் காப்பகம் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். பழைய அரசிதழ்களில் நியமனம், இடமாற்றம், விடுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. அதில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் உண்டு. பணி ஓய்வு விருந்து, திருமணம், மரண அறிவித்தல் என்று தேடுங்கள். மரண அறிவித்தலில் மனைவி மக்கள் பெயர் இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்தால் எத்தனையோ பேரில் யார் உங்கள் தாத்தா என்பது உறுதியாகிவிடும். உறுதியாகாத பதிவை எந்த ஆசையிலும் அவர் பெயரில் சேர்த்துவிடாதீர்கள். அது வேறொரு குடும்பத்தின் தாத்தாவுடைய உழைப்பு.

கேள்வி: பள்ளிக் கட்டுரைக்காக என் மகன், எஸ். சுப்பிரமணியம் என்ற ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) தலைவர் சிகாமட் நாடாளுமன்ற உறுப்பினராகப் பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்தார் என்று எழுதியிருக்கிறான். சரிதானா? – வாசகர், ஜெலுத்தோங்

பதில்: பையன் மேல் குற்றமில்லை. பெரியவர்களே தடுமாறும் இடம் இது. அவர்கள் இருவர். முன்னவர் சுப்பிரமணியம் சின்னையா. 2006 வரை ம.இ.கா.வின் துணைத் தலைவர். பின்னவர் டாக்டர் சுப்பிரமணியம் சதாசிவம். தொழில்முறையில் தோல் மருத்துவர். 2004 பொதுத் தேர்தலில் சிகாமட் தொகுதி முன்னவரிடமிருந்து பின்னவர் கைக்கு வந்தது. 2018 வரை அவரே உறுப்பினர். 2008இல் மனிதவள அமைச்சராகவும், 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சராகவும் இருந்தார். 2015 முதல் 2018 வரை கட்சியின் தலைவர். பெயர், கட்சி, தொகுதி மூன்றும் ஒன்று. இருவருமே கட்சியின் துணைத் தலைவர் பதவியை வகித்தவர்கள். ஆங்கில முதலெழுத்தும் ஒன்றே. தகப்பனார் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். தமிழில் சின்னையாவும் சதாசிவமும் குழம்ப வழியில்லை. ஒவ்வொரு பதவிக்குப் பக்கத்திலும் ஆண்டையும் குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பெயர்க்காரர் ஒருவர் நீதிமன்றச் செய்தியில் வந்துவிட்டார். அது நான் அல்ல என்று தெரிவிக்க என் அடையாள அட்டையின் படத்தையே வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடலாமா? – வாசகர், கிள்ளான்

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா. அந்த எண்ணில் உங்கள் பிறந்த தேதியும் பிறந்த இடமும் இருக்கின்றன; படத்தில் முகவரியும் இருக்கிறது. மோசடிக்காரனுக்கு அது போதும். உறவினர்களிடமும் வேலையிடத்திலும், செய்தியில் வந்தவரின் வயதும் ஊரும் என்னுடையவை அல்ல என்று ஒரு வரி சொல்லுங்கள். வங்கியோ முதலாளியோ கேட்டால் மட்டும் அட்டையை நேரில் காட்டுங்கள். நகல் கொடுக்க நேர்ந்தால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் நகலின் குறுக்கே கோடிட்டு எழுதிக் கொடுங்கள்.