ரிப்போர்ட்டில் ‘இன்ஸ்பிசேட்டட்’ என்று போட்டிருந்தால்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அம்மாவின் சைனஸ் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இன்ஸ்பிசேட்டட் செக்ரீஷன்ஸ்’ என்று இருக்கிறது. கட்டியா?

பதில்: கட்டி என்று அதற்கு அர்த்தமில்லை. தேங்கிய சளியில் நீர் வற்றி, புரதம் மிஞ்சி இறுகிவிட்டது என்கிறார்கள். அப்படி இறுகியது சிடியில் வெளுப்பாகத் தெரியும். பூஞ்சைத் தொற்றும் அதே வெளுப்பைக் காட்டலாம் என்பதால் ஈஎன்டி டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள். சிடி படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். ரொம்ப இறுகிய சளி எம்ஆர்ஐயில் கறுப்பாகி, உள்ளே வெறும் காற்றுதான் என்று நம்பவைத்துவிடும்!

கேள்வி: ‘விஸ்கஸ்’ (கெட்டியானது) என்றே எழுதலாமே சார்?

பதில்: எழுதினால் பாதி விஷயம் போய்விடும். இயல்பிலேயே கெட்டியானதும் விஸ்கஸ்தான். இதுவோ தண்ணியாக இருந்து, பால் சுண்டுவதுபோலச் சுண்டியது. சளி, பித்தம், சீழ் போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் போடுவோம்.

கேள்வி: ஒரு மாதக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. ‘இன்ஸ்பிசேட்டட் பைல்’ ஆக இருக்கலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: பித்தம் குழம்பாகிக் குழாயை அடைத்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல் சிவப்பணுக்கள் நிறைய உடைந்தாலோ, நெடுநாள் நரம்பு வழியாகவே உணவு ஏற்றினாலோ இப்படி ஆகும். பல குழந்தைகளுக்குத் தானாகவோ மருந்திலோ கரைந்துவிடும். ஆனால் ‘பார்க்கலாம்’ என்று வீட்டில் உட்காராதீர்கள். பித்தக்குழாயே அடைபட்டுப்போகும் பிலியரி அட்ரீசியாவும் வெளிப்பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். பித்தம் குடலுக்கு வடிய வழி செய்யும் ‘கசாய்’ என்ற அறுவைசிகிச்சை, பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். மலம் வெளிறிப் போகிறதா என்று தினமும் பாருங்கள். ரத்தத்தில் நேரடி பிலிருபின் (காமாலை மஞ்சள் நிறமியில் கல்லீரல் பதப்படுத்திய பகுதி) எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டிய காமாலை எந்தக் குழந்தைக்கு இருந்தாலும் இந்தச் சோதனை வேண்டும்.

கேள்வி: எங்கள் லேபில் ‘இன்ஸ்பிசேட்டர்’ என்றொரு கருவி இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா சார்?

பதில்: சொல் ஒன்று, வேலை கொஞ்சம் வேறு. காசநோய்க் கிருமி வளர்க்கும் எல்ஜே (லோவன்ஸ்டைன்-ஜென்சன்) மீடியத்தில் முட்டை இருக்கிறது. அந்தக் கருவியின் சுமார் 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உறைகிறது, அவ்வளவுதான். நீர் வற்றிக் காய்ந்தால் மீடியம் வீண்.

கேள்வி: சித்தா படிக்கிறேன். பழைய ஆங்கில மருந்து நூல்களில் கற்றாழைக்கும் இந்தச் சொல் வருகிறதே?

பதில்: ஆமாம், கரியபோளம். கற்றாழை மடலிலிருந்து வடியும் கசப்புச் சாற்றை வற்றவைத்துக் கட்டியாக்கியது.

கேள்வி: நிறைய தண்ணீர் குடித்தால் இறுகியது கரையுமா?

பதில்: மூக்குச் சளி என்றால் உப்புநீரால் கழுவுவது அதைவிட உதவும். காய்ச்சி ஆறவைத்த நீராக இருக்கட்டும். குழந்தைக்குப் பித்தம் கரைய என்று தண்ணீர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தாய்ப்பால் போதும்.