வால்வுக் கட்டி சுருங்கவில்லை, மருந்து தோற்றுவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. இதய வால்வில் கிருமி என்று மூன்று கிழமையாக வார்டில் ஊசி மருந்து போகிறது. அதற்கு முன் பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடித்திருந்தார். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வரவில்லை. இப்போது பத்து நாளாகக் காய்ச்சல் இல்லை. ஆனால் 9 மில்லிமீட்டர் இருந்த கட்டி இன்னும் 8 என்கிறார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு இன்னொரு எக்கோவாம். அடிக்கடி எடுத்தால் கதிர்வீச்சு ஏறாதா? மகன் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறான்.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: கட்டியின் அளவை வைத்து மருந்தை எடை போடாதீர்கள். கிருமியும் உறைந்த இரத்தமும் சேர்ந்த திரள்தான் இந்தக் கட்டி; கிருமி செத்த பிறகும் அது வால்விலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஆறின புண்ணில் பொருக்கு இருப்பதைப் போல. முழுதாகக் குணமான பலருக்குக் கடைசி எக்கோவிலும் அது தெரியும். 9, 8 என்ற வித்தியாசத்துக்கும் பொருளில்லை. இரண்டு பேர் அளந்தாலே அவ்வளவு மாறும். காய்ச்சல் விட்டிருக்கிறது, அதுதான் நல்ல செய்தி. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையும் இறங்கி வருகிறதா என்று வார்ட் டொக்டரிடம் கேளுங்கள்.

அப்படியென்றால் எக்கோ எதற்கு? கட்டி பெருக்கிறதா, வால்வில் ஓட்டை விழுந்து கசிவு கூடுகிறதா, வால்வைச் சுற்றிச் சீழ் பிடிக்கிறதா என்று பார்க்க. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டிப் போவதால், சீழை அந்தக் குழாய் எக்கோதான் நன்றாகக் காட்டும். உங்கள் கணவர் விஷயத்தில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலில் குடித்த அந்த அன்டிபயோட்டிக்தான் கல்ச்சரில் கிருமியைப் பிடிபடாமல் செய்திருக்க வேண்டும். கிருமியின் பெயர் தெரியாமல் வைத்தியம் செய்பவர்களுக்குப் படங்களை இன்னும் கவனமாகப் பார்க்காமல் வேறு வழியில்லை. டொக்டரின் சீட்டில்லாமல் வாங்கிய குளிசையால் வந்த வினை இது.

எக்கோவில் கதிர்வீச்சு கிடையாது, அது வெறும் ஒலி அலை. குழாய் விடுவதற்குச் சில மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும், தொண்டையை மரக்கச் செய்வார்கள், கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் பெரும்பாலும் செயற்கை வால்வுக்காரருக்குத்தான் உதவும். சொந்த வால்வில் அது பல தடவை எதையும் காட்டாது. உங்கள் கணவருக்கு வால்வு மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. மகனிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது மூச்சை. நேற்றுவரை ஒரு தலையணையில் படுத்தவர் இன்று இரண்டு, மூன்று கேட்கிறாரா? இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? வால்வு கிழிந்து கசிவு கூடினால் இப்படித்தான் தொடங்கும். அப்போது ஊசி மட்டும் போதாது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம், சில நேரம் அன்றைக்கே. காலை ரவுண்ட் வரட்டும் என்று இருக்காமல் அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு கை சோர்ந்தாலும் அப்படியே. வீட்டுக்கு வந்த பிறகு இவற்றில் எது நடந்தாலும் 1990 அம்புலன்ஸ்.

மருந்து முடிந்ததும் ஒரு எக்கோ எடுப்பார்கள். பிறகு வருவதையெல்லாம் அதனோடுதான் ஒப்பிட வேண்டும், ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் என்றைக்காவது காய்ச்சல் வந்தால், பழைய சீட்டோடு பார்மசிக்கு ஓடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்ச்சருக்கு இரத்தம் எடுத்த பிறகுதான் அன்டிபயோட்டிக்.